பழைய டீசல் லாரியின் எஞ்சின் சத்தத்தைக் குறைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

டாடா 1613 போன்ற முகப்பு தட்டையான பழைய லாரிகளில் எஞ்சின் இருப்பது டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவில்தான். மேலே ஒரு பானட் மூடி, அதற்கு மேல் ஒரு ரெக்ஸின் மெத்தை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பட்டறைகளில் கட்டிய கேபின் என்றால் மரச்சட்டமும் தகடும் பிளைவுட்டும் சேர்ந்தது. புதிதாக இருக்கும்போது ஓரளவு அடக்கமாக இருந்த வண்டி, பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கத்திப் பேச வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறது. பெரும்பாலானவர்கள் இதை வயசான வண்டியின் குணம் என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அது தேவையில்லை. பழைய வண்டியைப் புது வண்டி ஆக்க முடியாது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லக் கூடிய சத்தத்தில் பெரும்பகுதியைத் திரும்பக் குறைக்க முடியும்.

இது சொகுசு பற்றிய விஷயம் இல்லை. அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல நிறுவனமான நையோஷ், ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்பதற்கு 85 டெசிபலை வரம்பாகச் சொல்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, 94 என்றால் 1. லாரி டிரைவர் எட்டு மணி நேரத்தோடு நிற்பதில்லை. இரவெல்லாம் ஓட்டிவிட்டு விடியற்காலையில் காதுக்குள் 'ஙொய்' என்று கேட்கிறதென்றால் காது சேதமாகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். போன காது திரும்பி வராது. இதோடு களைப்பும் சேர்கிறது. பின்னால் வருபவன் ஹாரன் கேட்காமல் போகிறது. எஞ்சினில் புதிதாகக் கிளம்பும் கோளாறின் சத்தமும் இந்த இரைச்சலில் மறைந்துபோகிறது.

வேலையில் வரிசை முக்கியம். முதலில் சத்தம் போடுவதைச் சரிசெய்ய வேண்டும். அப்புறம் அதிர்வு கேபினுக்கு ஏறும் வழியை வெட்ட வேண்டும். அப்புறம் ஓட்டைகளை அடைக்க வேண்டும். கடைசியாகத்தான் ஷீட் ஒட்டும் வேலை. நம் ஊரில் பலர் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்: நேராகக் கடைக்குப் போய் ஸ்பாஞ்சும் ஷீட்டும் வாங்கி ஒட்டுவது. செலவு ஆகும், சத்தம் அப்படியேதான் இருக்கும்.

டீசல் ஏன் இவ்வளவு தட்டுகிறது

டாடாவின் 697 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 6 சிலிண்டர், 5,675 சி.சி. மெர்சிடிஸ் பென்ஸுடன் இருந்த கூட்டில் வந்த வடிவமைப்பின் வழி. இதில் பம்ப் டீசலை அழுத்தித் தள்ள, நாசில் அதை நேராக பிஸ்டன் தலைக்கு மேல் பீய்ச்சுகிறது. பீய்ச்சியவுடனே பற்றிக்கொள்வதில்லை, கண நேரம் தாமதம் உண்டு. அந்தத் தாமதத்துக்குள் சேர்ந்த டீசல் மொத்தமும் ஒரே அடியாகப் பற்றும்போது அழுத்தம் திடீரென்று ஏறி, சிலிண்டர் பிளாக்கையே சுத்தியலால் அடித்ததுபோல் அதிரவைக்கிறது. நாம் கேட்கும் 'டக டக' அதுதான். இப்போதைய காமன் ரெயில் வண்டிகளில் முதலில் துளி டீசலைத் தனியாகப் பீய்ச்சிப் பற்றவைத்துவிட்டு, பிறகுதான் மீதியைக் கொடுக்கிறார்கள். அதனால்தான் பிஎஸ்4, பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதிகள்) காலத்து வண்டிகள் அடக்கமாக ஓடுகின்றன. பழைய பம்பில் அந்த வசதி இல்லை. எனவே இந்தத் தட்டல் முழுக்கப் போகாது. ஆனால் தாமதத்தைக் கூட்டும் எல்லாமே தட்டலையும் கூட்டும்: தேய்ந்த நாசில், தவறான டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்), கலப்பட டீசல். அவை நம் கையில் இருப்பவை.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே அளவு சத்தம் போடும் இரண்டு இடங்களில் ஒன்றை முழுக்க நிறுத்தினாலும் குறைவது 3 டெசிபல்தான். காதுக்குப் 'பாதியாகிவிட்டது' என்று தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும். ஆகவே ஒரு வேலை செய்துவிட்டு வித்தியாசம் தெரியவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால்தான் மொத்தத்தில் பெரிய மாற்றம் தெரியும்.

முதல் வேலை: அளந்து வையுங்கள்

போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் எண் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதில்லை. முன்னும் பின்னும் ஒப்பிடத்தான் நமக்கு அது. ஒரே போன், டிரைவர் தலை இருக்கும் உயரம், கண்ணாடி மூடி, சூடான எஞ்சின். ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்) ஒன்று, நின்றபடியே 1,500 ஆர்பிஎம்மில் ஒன்று, சமதள ரோட்டில் 50 கி.மீ. வேகத்தில் டாப் கியரில் ஒன்று. மூன்றையும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் இதே மூன்றையும் மறுபடி எடுங்கள்.

இதோடு இன்னொரு அளவையும் எடுத்தால் ஒரு முடிவுக்கு வரலாம். 50-ல் ஓடும்போது எஞ்சின் என்ன ஆர்பிஎம்மில் இருக்கிறதோ, அதே ஆர்பிஎம்முக்கு வண்டியை நிறுத்தி வைத்து ஏற்றிப் பாருங்கள். இரண்டிலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றென்றால் எஞ்சின்தான் காரணம். நின்றிருக்கும்போது நன்றாகவே குறைகிறது என்றால் டயர், கிரவுன் (பின் அச்சின் பல்சக்கரம்), புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட் பக்கம் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஏர் பிரேக் வண்டியில் அதைச் செய்யவே கூடாது.

எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதோரம் வைத்து முனையை எஞ்சினில் தொட்டுக் கேட்பது நல்ல மெக்கானிக்குகளின் பழைய வழி. இன்றைக்கும் அதை மிஞ்ச எதுவும் இல்லை. பெல்ட், ஃபேன் பக்கம் போகும்போது துண்டு, தளர்ந்த சட்டை எதுவும் உடம்பில் தொங்கக் கூடாது.

சிலிண்டர் ஒவ்வொன்றாகக் கட் செய்து பார்ப்பது அடுத்தது. ஐடிலில், நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்தினால் அந்த சிலிண்டர் வேலை செய்யாது. நட்டின் மேல் துணி போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யுங்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நடந்தால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு சிலிண்டரைக் கட் செய்ததும் தட்டல் குறைந்தால் கோளாறு அங்கே.

ஆனால் இங்கே அவசரப்படக் கூடாது. நாசில் கெட்டிருந்தாலும் குறையும், கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்திருந்தாலும் குறையும். இரண்டையும் பிரிக்க ஒரு வழி இருக்கிறது: அந்த நாசிலைக் கழற்றி வேறு சிலிண்டரில் மாட்டுங்கள். தட்டல் நாசிலோடு சேர்ந்து இடம் மாறினால் நாசில். அதே சிலிண்டரிலேயே நின்றால் பேரிங் அல்லது பிஸ்டன். பேரிங் சந்தேகம் என்றால் ஆயில் பிரஷரைப் பாருங்கள், ஆயில் ஃபில்டரைப் பிரித்து உலோகத் தூள் இருக்கிறதா என்று பாருங்கள். லோடு ஏறும்போது ஆழமாக 'தொம் தொம்' என்று அடித்தால் அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. அதை மூடி மறைக்க எந்த ஷீட்டும் ஒட்டக் கூடாது.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். குளிரில் தட்டி, சூடானதும் அடங்கினால் பிஸ்டன் ஆட்டமாக இருக்கலாம், இல்லையென்றால் மேனிஃபோல்டு கேஸ்கட்டில் கசிவு. கசிவு என்றால் 'புஸ் புஸ்' என்று மூச்சுவிடுவதுபோல் வரும். ஏர் டேங்க் நிறைந்து காற்று வெளியேறியதும் மாறும் தட்டல் கம்ப்ரசருடையது. நியூட்ரலில் கேட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸின் முன் பேரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் ஊளையிட்டால் கிரவுன். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தரையோடு அதிர்ந்தால் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் அல்லது சென்டர் பேரிங்.

எஞ்சினைச் சரி செய்வது

டேப்பட்டில், அதாவது வால்வு இடைவெளியில், தொடங்குங்கள். செலவு குறைந்த வேலை, பலன் உடனே தெரியும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஃபீலர் கேஜ் வைத்து, உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ள அளவுக்கு ஒவ்வொரு வால்வாக வையுங்கள். இந்த 6 சிலிண்டர் எஞ்சின்களில் ஃபயரிங் வரிசை 1-5-3-6-2-4. இடைவெளி அதிகமானால் 'டிக் டிக்' என்று கேட்கும். சத்தம் போக வேண்டும் என்று இறுக்கி வைக்கச் சொல்லும் டிரைவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். இறுக்கினால் வால்வு முழுசாக உட்காராது, சில மாதங்களில் எரிந்துபோகும். லேசான டேப்பட் சத்தம் ஆரோக்கியமானது.

அடுத்தது நாசில்கள். ஆறையும் கழற்றி டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோய் டெஸ்டரில் போட்டுப் பாருங்கள். மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை பார் அழுத்தத்தில் திறக்கிறது, எல்லாத் துளையிலும் ஒரே மாதிரி பனிபோல் பீய்ச்சுகிறதா, மூடிய பிறகு சொட்டுகிறதா. சொட்டும் நாசில்தான் தட்டலுக்கு முதல் காரணம். கறுப்புப் புகைக்கும் அதுதான். ஆறும் ஒரே அழுத்தத்தில் திறக்க வேண்டும், இல்லையென்றால் ஐடில் தள்ளாடும். திரும்ப மாட்டும்போது செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பழையதையே போட்டால் அங்கிருந்து காற்று கசிந்து தனியாக ஒரு சத்தம் கிளம்பும்.

டைமிங் கம்பெனி குறித்த இடத்தில் இருக்க வேண்டும். முன்கூட்டி வைத்தால் இழுவை கூடுவதுபோல் தோன்றும், தட்டலும் கூடும். சத்தம் குறைய வேண்டும் என்று பின்னால் தள்ளி வைத்தால் உண்மையில் கொஞ்சம் அடங்கும், ஆனால் மைலேஜ் போகும், புகை வரும், சூடு ஏறும். கம்பெனி சொன்ன டிகிரிக்கு வைத்துவிட்டு அதோடு விடுங்கள்.

டீசலிலும் கவனம் வேண்டும். இந்தியத் தரக் குறியீட்டின்படி டீசலின் சீட்டேன் எண் (எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதன் அளவு) 51-க்குக் குறையக் கூடாது. மண்ணெண்ணெய் கலந்த டீசலில் பற்றும் தாமதம் கூடி எஞ்சின் தட்டும். பம்புக்குள் இருக்கும் பாகங்களுக்கு வழுக்கலும் போதாது. டீசல் போட்ட அன்றைக்கே தட்டல் கூடினால் எஞ்சினைப் பிரிக்கும் முன் டீசலைச் சந்தேகியுங்கள். டீசல் லைனில் காற்று இழுத்தாலும் ஓட்டம் முரடாகும். ஃபில்டர் வாஷர், கை பம்ப், டேங்க் பைப் எல்லாம் பாருங்கள்.

ஃபேனை யாரும் சத்தத்தோடு சேர்த்து நினைப்பதில்லை. ஆனால் ஆர்பிஎம் ஏறும்போது மற்ற எல்லாவற்றையும்விட வேகமாகக் கூடுவது ஃபேன் சத்தம்தான். வேகம் இரட்டித்தால் 15 டெசிபலுக்கு மேல் கூடும். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் இருக்கும் வளையக் கூடு உடைந்து கழற்றி எறியப்பட்ட வண்டிகள் ஏராளம். அதைத் திரும்பப் போடுங்கள். காற்று ஒழுங்காகப் போகும், இரைச்சல் குறையும், சூடும் குறையும். இலை வளைந்திருந்தாலோ விரிசல் இருந்தாலோ நிமிர்த்தாதீர்கள், மாற்றுங்கள். சத்தத்துக்காக இலையை வெட்டுவதும், ஒன்றிரண்டு இலையைக் கழற்றுவதும் ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் பலி கொடுக்கும் வேலை.

காற்று போகும் வழியும் புகை வரும் வழியும்

ஏர் கிளீனரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் விரிசல் இருந்தால் எஞ்சின் உறுமுவது அப்படியே கேபினுக்குக் கேட்கும். அதைவிட மோசமானது, அந்த விரிசல் வழியாகத் தூசி போய் லைனரையும் பிஸ்டனையும் அறுப்பது. ஹோஸ், கிளிப் இரண்டையும் மாற்றுங்கள்.

சைலன்சர் பக்கம்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு ஃபிளாஞ்ச், கேஸ்கட், வளையும் பைப் பக்கத்திலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். குமிழி வந்தால் அங்கே கசிவு. கறுப்புக் கரி கோடு போட்டிருந்தால் சோதனையே வேண்டாம். இந்தக் கசிவைச் சரி செய்வது சத்தத்துக்காக மட்டுமில்லை. கேபினுக்குக் கீழே கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது கண்ணாடியை மூடித் தூங்கும் கேபினில் அது ஆளைக் கொல்லும்.

சைலன்சரைத் தட்டிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று ஆடினால் தடுப்புத் தகடு கழன்றிருக்கிறது, மாற்ற வேண்டும். உள்ளே இருப்பதை வெட்டி எடுத்துவிட்டு நேர்க்குழாய் ஆக்கினால் மைலேஜ் கூடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதி 120-ன்படி சைலன்சர் கட்டாயம்; எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது அதுவும் பிரச்சினையாகும். உள்ளே எதையாவது திணித்துச் சத்தத்தைக் குறைப்பதும் வேண்டாம். புகை வெளியேற முடியாமல் எஞ்சின் திணறி, சூடாகி, டீசல் குடிக்கும்.

அதிர்வைத் தடுப்பது: மவுண்டிங் ரப்பர்

பழைய லாரியில் அதிகம் கவனிக்கப்படாத இடம் இது; என் அனுபவத்தில் செலவுக்கு அதிகப் பலன் கொடுப்பதும் இதுதான். 6 சிலிண்டர் எஞ்சின் 600 ஆர்பிஎம் ஐடிலில் நொடிக்கு 30 முறை, 2,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 முறை தள்ளுகிறது. இந்தத் தாழ்ந்த உறுமல் காற்று வழியாக வருவதைவிட, மவுண்டிங் வழியாகச் சேஸுக்கும், சேஸிலிருந்து கேபினுக்கும் ஏறுகிறது. கேபின் தகடு முழுவதும் அதை எடுத்துச் சத்தமாக்கிக் கொடுக்கிறது. ஐடிலில் ஸ்டீயரிங்கும் கண்ணாடியும் நடுங்கினால் மவுண்டிங்கைத்தான் பார்க்க வேண்டும்.

எஞ்சின் மவுண்டிங், கியர் பாக்ஸ் மவுண்டிங் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பரில் விரிசல், ஆயில் ஊறிப் பிசுபிசுப்பு, ஒரு பக்கம் சப்பை, இரும்போடு இரும்பு உரசிய பளபளப்பு: இதில் எது இருந்தாலும் மாற்றுங்கள். ஒன்று மட்டும் மாற்றாமல் ஜோடியாக மாற்றுங்கள். புது ரப்பர் போட்டும் மேலே ஆயில் சொட்டிக்கொண்டிருந்தால் சில மாதத்தில் பழையபடி ஆகிவிடும்; கசிவை முதலில் நிறுத்துங்கள். ரப்பருக்குப் பதிலாக டயர்த் துண்டையோ கட்டையையோ வெட்டி வைக்கும் வழக்கம் உண்டு. டயர்த் துண்டு அந்த எடைக்கு வடிவமைக்கப்பட்டதில்லை. எஞ்சின் நேர்கோட்டிலிருந்து விலகி கிளட்சும் ஜாயிண்டும் அடிவாங்கும்.

கேபினைச் சேஸில் உட்கார வைக்கும் ரப்பர்களுக்கும் இதே சோதனை. பட்டறையில் கட்டிய கேபினில் இந்த ரப்பர் காய்ந்து கல்லாகிப் போயிருக்கும், சில இடங்களில் விழுந்தே போயிருக்கும். பிறகு, எஞ்சினிலிருந்து கேபினை நேராகத் தொடும் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள்: சைலன்சர் பைப் கேபின் அடித்தளத்தை உரசுவது, ஏர் பைப் தகட்டில் இடிப்பது, கியர் ராடு ஓட்டையின் விளிம்பில் படுவது. எல்லா ரப்பரும் புதிதாக இருந்தாலும் இப்படி ஒரு இடத்தில் இரும்பு தொட்டால் போதும், அதிர்வு முழுசாக உள்ளே வந்துவிடும்.

ஓட்டைகளை அடைப்பது

ஒரு தடுப்பின் பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தால், அந்தத் தடுப்பு எவ்வளவு கனமானதாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் சத்தத்தைத் தடுக்காது. 1 சதுர மீட்டர் தரையில் 1 சதவீதம் என்பது 10 செ.மீ.க்கு 10 செ.மீ. ஓட்டை. கியர் ராடைச் சுற்றியிருக்கும் பூட் (ரப்பர் உறை) கிழிந்திருந்தால் அது மட்டுமே அவ்வளவு இருக்கும். அதனால்தான் ஷீட்டுக்கு முன்னால் இந்த வேலை.

ஓட்டையைக் கண்டுபிடிக்க இரவில் எஞ்சின் அறைக்குள் பிரகாசமான விளக்கு ஒன்றை வையுங்கள். கேபினுக்குள் இருட்டில் உட்கார்ந்து, கதவை மூடிக்கொண்டு பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் சத்தமும் சூடும் வரும் இடம். சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பெடல் வழிகள், ஸ்டீயரிங் ராடு இறங்கும் இடம், ஒயர் போகும் துளைகள், தகடும் பிளைவுட்டும் சேரும் மூலைகள், பானட் மூடியின் நான்கு ஓரங்கள் என வழக்கமாக எல்லாமே ஒளிரும்.

கியர் ராடுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரட்டை பூட். பெடல்களுக்குத் தடித்த ரப்பர் ஷீட்டைக் கீறி, பெடல் தடையின்றி மேலும் கீழும் போகும்படி வைக்க வேண்டும். முழு மிதி மிதித்துப் பாருங்கள். பிரேக் பெடல் கொஞ்சம்கூடச் சிக்கக் கூடாது. ஒயர் துளைகளுக்கு ரப்பர் குரோமெட். சின்ன இடுக்குகளுக்குச் சூடு தாங்கும் சிலிக்கான். பானட் ஓரத்துக்கு உள்ளீடற்ற ரப்பர் பீடிங்கைச் சுற்றி ஒட்டி, கிளிப் போடும்போது அது நன்றாக அழுந்தும்படி கிளிப்பை இறுக்குங்கள். கிளிப் தளர்ந்திருந்தால் பானட்டே அதிர்ந்து தனியாகச் சத்தம் போடும். கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை.

இதுவரை செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பல வண்டிகளில் இங்கேயே போதும் என்று தோன்றிவிடும்.

பானட்டும் கேபினும்: ஷீட் வேலை

மூன்று விதப் பொருள்கள் இருக்கின்றன, மூன்றும் வெவ்வேறு வேலை செய்பவை. பியூட்டைல் ஷீட் (ஒட்டும் தன்மையுள்ள மென்மையான ரப்பர் ஷீட்) தகட்டின் அதிர்வை அடக்கும். கண்ணாடிக் கம்பளி போன்ற மெத்தையான பொருள் காற்றில் வரும் சத்தத்தை உறிஞ்சும். கனமான ரப்பர் அல்லது வினைல் ஷீட் சத்தத்தை ஊடுருவ விடாமல் தடுக்கும். ஒன்றை வாங்கி இன்னொன்றின் வேலையை எதிர்பார்ப்பதால்தான் பணம் வீணாகிறது.

பானட் மூடியைக் கழற்றி வெளியே எடுங்கள். பழைய மெத்தை, ஆயில் பிசுக்கு எல்லாவற்றையும் சுரண்டி, சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். ஈரமும் எண்ணெயும் இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது.

1. கேபின் பக்கத்தில் தகட்டின் நடுப்பகுதியில் பியூட்டைல் ஷீட்டை உருளையால் அழுத்தி ஒட்டுங்கள். முழுக்க ஒட்ட வேண்டியதில்லை. பாதிப் பரப்புப் போதும். முட்டியால் தட்டினால் 'டொங்' என்பது 'டப்' ஆக வேண்டும். தார் ஷீட்டை எஞ்சின் பக்கம் ஒட்டாதீர்கள், சூட்டில் இளகி விழும்.

2. எஞ்சின் பக்கத்தில் சுமார் 25 மி.மீ. கண்ணாடிக் கம்பளி அல்லது செராமிக் கம்பளி, மேலே மெல்லிய அலுமினிய உறை போட்டது. பசையை மட்டும் நம்பாமல் தகட்டுப் பட்டியும் போல்ட்டும் போட்டுப் பிடியுங்கள். கழன்று ஃபேனிலோ மேனிஃபோல்டிலோ விழக் கூடாது. வெட்டிய ஓரங்களை அலுமினிய டேப்பால் மூடுங்கள், இல்லையென்றால் ஆயிலை உறிஞ்சும். கம்பளியைக் கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் வேண்டும்.

3. கேபின் பக்கத்தில் பியூட்டைலுக்கு மேல் 10 மி.மீ. ஃபெல்ட், அதற்கு மேல் சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள ரப்பர் அல்லது வினைல் ஷீட், கடைசியாக ரெக்ஸின். நடுவில் இருக்கும் ஃபெல்ட் முக்கியம். கன ஷீட்டைத் தகட்டோடு நேராக ஒட்டினால் எடைக்குரிய பலன் மட்டும்தான் கிடைக்கும்: 1 மி.மீ. தகட்டின் மேல் 5 கிலோ கூட்டினால் சுமார் 4 டெசிபல். மெத்தையான அடுக்கு இடையில் இருந்தால் உயர்ந்த சத்தங்களில் அதைவிட நிறையவே கிடைக்கும்.

கட்டில் மெத்தை ஸ்பாஞ்சை எஞ்சின் பக்கம் வைக்கவே கூடாது. ஆயிலையும் டீசலையும் குடித்து வைத்துக்கொள்ளும். ஒரு பொறி பட்டால் கேபினே எரியும், நச்சுப் புகையும் வரும். வீட்டில் மீதியான தெர்மோகோலும் அப்படியே. எந்தப் பொருளானாலும் வாங்கும் முன் ஒரு துண்டை வெளியே கொண்டுபோய்த் தீக்குச்சி காட்டிப் பாருங்கள். தானாக எரிந்துகொண்டே இருந்தால் வேண்டாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நேர் எதிரில் மெத்தைக்குப் பதில் இடைவெளி விட்ட தகட்டுக் கவசம் போடுங்கள்.

தரைக்கும் இதே வரிசைதான்: ஃபெல்ட், கன ரப்பர், மேலே மிதியடி. பிளைவுட் தரை தகட்டைவிட இயல்பாகவே அடக்கமானது. அதில் இடுக்கை அடைத்து போல்ட்டை இறுக்கினாலே பாதி வேலை முடிந்தது. கூரைக்கும் பின்சுவருக்கும் கனம் தேவையில்லை. ரப்பர் கலந்த தென்னை நார் மெத்தையோ ஃபெல்ட்டோ போட்டு, காற்று புகும் துணியால் மூடினால் உள்ளே எதிரொலிப்பது குறையும். கூரை முழுக்க ரெக்ஸின் போட்டு பளபளப்பாக வைத்தால் அழகாக இருக்கும், ஆனால் சத்தம் அதில் பட்டுத் திரும்பும். கதவுத் தகட்டின் உள்பக்கம் பியூட்டைல் ஒட்டும்போது அடியில் தண்ணீர் வடியும் துளையை மூடிவிடாதீர்கள்.

இந்த ஷீட் வேலையெல்லாம் தட்டல், கீச்சு, இரைச்சல் போன்ற உயர்ந்த சத்தங்களுக்குத்தான். 25 மி.மீ. கம்பளி 30, 100 ஹெர்ட்ஸ் உறுமலை ஒன்றும் செய்யாது. உறுமல்தான் தொந்தரவு என்றால் மறுபடி மவுண்டிங்குக்கே போக வேண்டும்.

செய்யும்போது மறக்கக் கூடாதவை

ஆயில் ஸ்டிக், தண்ணீர் ஊற்றும் மூடி, ஃபில்டர் எல்லாம் முன்போலக் கைக்கு எட்ட வேண்டும். எட்டாமல் போனால் டிரைவர் பார்ப்பதை விட்டுவிடுவார். ஒயர் ஜாயிண்டுகளை ஷீட்டுக்கு அடியில் புதைக்காதீர்கள். டேப் சுற்றிய பழைய ஜாயிண்ட் இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். காற்றுப் போகும் வழியை அடைக்காதீர்கள். வேலை முடிந்து முதல் லோடு ஏற்றி மேடு ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளைக் கவனியுங்கள். முன்பைவிட ஏறினால் எங்கேயோ காற்றைத் தடுத்திருக்கிறீர்கள். தீயணைப்பான் கேபினில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சத்தத்தை மறைக்கப் பாட்டை அலறவிடுவதும் இயர்போன் போடுவதும் காதுக்குக் கூடுதல் சுமை, ஹாரனும் கேட்காது.

ஒரு மாதம் ஓடிய பிறகு பானட் மூடியை ஒருமுறை திறந்து பாருங்கள். கம்பளி உறையில் ஆயில் படிந்திருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தி, அந்தத் துண்டை மாற்றுங்கள். புது மவுண்டிங் ரப்பர் அழுந்தி உட்கார்ந்திருக்கும், போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள். பிறகு அதே போனை எடுத்து, அதே மூன்று அளவையும் எடுத்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த எஃப்.சி. வரும்போது எண் ஏறியிருந்தால் எந்த இடத்தில் தேட வேண்டும் என்று அந்தத் தாளே காட்டும்: ஐடிலில் ஏறியிருந்தால் மவுண்டிங்கும் நாசிலும், 1,500-ல் ஏறியிருந்தால் ஃபேனும் சைலன்சரும் கிழிந்த பூட்டும், ஓட்டத்தில் மட்டும் ஏறியிருந்தால் டயரும் ஜாயிண்டும் கிரவுனும்.